என்றார் பிறரும்

பிறர் சொன்னதைத் தன் எழுத்துக்குள் கொண்டுவரும் ஒருவர் செய்யக்கூடிய செயல்கள் இரண்டு உண்டு. அவற்றை ஆங்கிலம் 'குவோட்' என்றும் 'சைட்' என்றும் இரண்டு வினைகளால் வேறுபடுத்துகிறது. பிறருடைய சொற்களை, எழுத்தும் நிறுத்தக்குறியும் மாறாமல், அவை அவருடையவை என்று தெரியும்படி குறியிட்டுத் தருவது முதலாவது. ஒரு கருத்தோ செய்தியோ யாரிடமிருந்து, எந்த நூலின் எந்தப் பதிப்பில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இடம் சுட்டுவது இரண்டாவது. ஒன்றைச் செய்யாமலே மற்றொன்றைச் செய்ய முடியும் என்பதே இரண்டும் வேறு என்பதற்குப் போதுமான சான்று: மேடைப் பேச்சாளர் ஒரு குறளை முழுதாகச் சொல்லிவிட்டு அதன் எண்ணைச் சொல்லாமல் மேலே செல்லலாம், அறிவியல் கட்டுரையாளரோ பிறர் சொல் ஒன்றைக்கூட எடுக்காமல், ஒரே வாக்கியத்தின் இறுதியில் ஐந்து ஆய்வுகளின் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடுக்கிவிடலாம். ஆயினும் தமிழ் ஆய்வுத் துறைகளில் இவ்விரு சொற்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நெடுங்காலம் வழங்கிவந்தன. அக்குழப்பம் சொல்லளவில் நின்றிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஆனால் அது ஆய்வேடுகளின் உள்ளே புகுந்து அங்கேயே தங்கிவிட்டது.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குவது முறையன்று, ஏனெனில் அச்சொற்களின் வரலாறே குழப்பத்துக்கு இடம் தருகிறது. 'சைட்' என்பது எழுப்புதல், அழைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன வினையிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் ஒருவரை நீதிமன்றத்துக்கு வரும்படி ஆணையிட்டு அழைப்பதைக் குறித்தது. சான்றாக ஓர் ஆசிரியரை அழைப்பது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. 'குவோட்' என்பது 'எத்தனை' என்று பொருள்படும் இலத்தீனச் சொல்லடியாகப் பிறந்து, நூலின் இயல்களுக்கு எண்ணிடுவதையும் ஓரத்தில் இடக்குறிப்பு எழுதுவதையும் தொடக்கத்தில் குறித்தது. ஆகவே இன்று 'சைட்' செய்யும் வேலையை ஒருகாலத்தில் 'குவோட்'டே செய்துவந்தது என்றும், சொற்களை அப்படியே பெயர்த்தெழுதும் வேலை அதற்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது என்றும் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் 'கொட்டேஷன்' என்றால் விலைப்புள்ளி என்பதும், 'சைட்' என்று தமிழில் எழுதினால் வீட்டுமனையும் கல்லூரி வாசலில் இளைஞர்கள் அடிப்பதும்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதும் வேறு. ஆய்வு மாணவர்கள் இச்சொற்களைக் கேட்டுச் சிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1980களின் முற்பகுதியில் மதுரை வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தவர்கள், இதை எழுதுபவர் உட்பட, இவ்விரு செயல்களுக்கும் சேர்த்து 'மேற்கோள்' என்ற ஒரே சொல்லையே பயன்படுத்தினர். பிறர் வரியை எழுதுவதும் மேற்கோள் காட்டுதல். பக்க எண் தருவதும் மேற்கோள் காட்டுதல். இத்தனைக்கும் அச்சொல்லின் பழைய பொருள் இவ்விரண்டும் அல்ல: சிவஞானபோதத்தின் அமைப்பில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும் வரிசையில், ஆசிரியர் தாம் நிலைநாட்ட மேற்கொண்ட கூற்றே மேற்கோள் எனப்பட்டது. ஆனால் அதே துறையில், உயர்த்தி எழுதப்படும் சிறு எண்ணுக்கும் இயலின் இறுதியில் அதற்குரிய நூல், பக்கம் முதலியவற்றைத் தொகுத்துத் தரும் பகுதிக்கும் 'சான்றெண்' என்றும் 'சான்றெண் விளக்கம்' என்றும் தனிப்பெயர் வழங்கியது. அதாவது வேறுபாட்டைச் சுட்டும் சொற்கள் கையிலேயே இருந்தன. மேற்கோள் முன்னதற்கும் சான்றெண் பின்னதற்கும் பொருந்தும் என்று எவரும் பிரித்துச் சொல்லவில்லை என்பதே உண்மை.

பிரித்துச் சொல்லாவிட்டாலும் செயலில் பிரித்துக் காட்டியவர் அத்துறையின் நெறியாளர் ஒருவர். அக்காலத்தில் ஆய்வுக் குறிப்புகள் அட்டைகளில் எடுக்கப்பட்டன. அட்டை விலைக்கு வாங்க இயலாதவர்கள் திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கங்களை அளவாக நறுக்கி, காலணிப் பெட்டிகளில் அடுக்கி வைத்துக்கொண்டனர். நெறியாளர் விதித்த முறை எளிது: அட்டையின் மேற்பகுதியில் நூற்பெயர், பதிப்பாண்டு, பக்கம் மூன்றும் முதலில் எழுதப்பட வேண்டும், நூலின் சொற்களை அப்படியே எடுத்தால் தொடக்கத்திலும் முடிவிலும் இரட்டைக் குறி இட வேண்டும், சுருக்கி எழுதினால் அட்டையின் மூலையில் 'சு' என்று எழுதி வட்டமிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அட்டையை எடுப்பவருக்கு அதிலுள்ள நடை நூலாசிரியருடையதா தம்முடையதா என்று தெரியாமல் போகும் என்பது அவர் சொன்ன காரணம். வட்டமிட்ட 'சு' இல்லாமலும் இரட்டைக் குறி இல்லாமலும் ஓர் அட்டை அவர் கண்ணில் பட்டால், அதை வாசித்துக்கூடப் பார்க்காமல் தனியே எடுத்து வைத்துவிடுவார். மாணவர் நூலகத்துக்குத் திரும்பிச் சென்று மூலத்தோடு ஒப்பிட்டு வந்த பிறகே அது பெட்டிக்குள் சேரும். இந்தக் கண்டிப்பை அன்று பலரும் வீண் தொல்லையாகவே கருதினர். பிற்காலத்தில் கருத்துத் திருட்டு என்ற பெயரில் வெளிவந்த புகார்களில் கணிசமானவை தீய எண்ணத்தால் அன்றி, இத்தகைய குறியற்ற அட்டைகளாலேயே நேர்ந்திருக்கக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது.

தட்டச்சு நிலையம் இக்கல்வியின் அடுத்த கட்டமாக அமைந்தது. கார்பன் தாள் செருகிப் பல படிகள் எடுக்கும் பொறியில், பக்கத்தின் அடியில் எத்தனை வரி அடிக்குறிப்பு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு இடம் விட வேண்டியிருந்ததால், தட்டச்சர்கள் அடிக்குறிப்பை வெறுத்தனர். குறிப்புகள் அனைத்தும் இயலின் இறுதிக்குத் தள்ளப்பட்டதற்குப் புலமைக் காரணத்தைவிட இதுவே பெரிய காரணம். அங்கே 'மேலது' என்ற சொல் ஆட்சி செய்தது. 'அதே இடத்தில்' என்று பொருள்படும் இலத்தீனச் சொல்லின் சுருக்கமாக ஆங்கில நூல்களில் வரும் 'இபிட்.' என்பதற்கு ஈடாகத் தமிழ் ஆய்வேடுகள் அதைக் கொண்டன. 'சுட்டப்பட்ட நூலில்' என்று பொருள்படும் 'ஆப். சிட்.' என்பதற்கு ஈடாக 'மு.நூ.' என்ற சுருக்கம் வந்தது, அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் பிற்பாதி 'சைட்' என்ற சொல்லின் உடன்பிறப்பே. முன் குறிப்பில் சொன்ன நூலையே 'மேலது' குறிக்கும் என்பதால், கடைசி நேரத்தில் இடையில் ஒரு சான்றெண் புகுந்தால் அதற்குக் கீழுள்ள 'மேலது' வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். அவ்வாறு ஒரு புறநானூற்றுப் பாடலுக்குக் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் சான்றாக நின்ற பக்கம் ஒன்று அத்துறையில் வெகுநாள் பேசப்பட்டது. அமெரிக்காவின் நவீன மொழிக் கழகம் 1984ஆம் ஆண்டுக் கையேட்டில் இத்தகைய குறிப்புகளைப் பின்தள்ளி, ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் வாக்கியத்துக்குள்ளேயே அடைப்பில் தரும் முறையை முன்வைத்தது; தமிழ்த் துறைகள் பலவற்றில் 'மேலது' அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

இவற்றையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்றும், தமிழ்ப் புலமை மரபுக்கு இவை தேவையில்லை என்றும் வாதிட்டவர்களும் அத்துறையில் இருந்தனர். அவர்கள் உரையாசிரியர்களைத் துணைக்கு அழைத்தனர்; அந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. முன்னோர் கூறிய பொருளை மட்டுமன்றி அவர்களுடைய சொல்லையும் போற்றிக் காக்க வேண்டும் என்ற கொள்கையை நன்னூல் வெளிப்படையாகவே சொல்கிறது, தொல்காப்பிய நூற்பாக்களைத் தன்னுள் அப்படியே எடுத்துக்கொண்டும் இருக்கிறது. இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், பரிமேலழகர் ஆகியோரின் உரைகள் பிறர் பாடல் வரிகளால் நிரம்பியவை. இவர்கள் சொல்லை எடுத்தாளுவதில் மிகுந்த நேர்மையும் நுட்பமும் காட்டினர். இடத்தைச் சுட்டுவதில் பெரும்பாலும் அக்கறை காட்டவில்லை. 'என்றார் பிறரும்' என்று எழுதிவிட்டு மேலே செல்வது நச்சினார்க்கினியரின் வழக்கம். கேட்பவர் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்தவர் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட உரைக்கு இடச்சுட்டு தேவைப்படவில்லை, வரியின் முதற்சீரைக் கேட்டவுடன் மாணவர் மீதியைச் சொல்லிவிடுவார்.

தமிழ் மொழியின் அமைப்பும் இதில் ஒரு பங்கு வகித்தது. 'என', 'என்று', 'என்ப' போன்ற சொற்கள் பிறர் கூற்று எங்கே முடிகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் சொல் தமிழில் இல்லை. ஏட்டுச் சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை, மேற்கோள் குறி என்பது அறவே இல்லை. ஆகவே உரையாசிரியரின் வாக்கியம் நின்று பிறருடைய வரி தொடங்கும் இடத்தை வாசிப்பவரே தம் படிப்பால் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் படியெடுத்தவர்கள் வேதாகம வரிகளுக்கு நேரே ஓரத்தில் இட்டுவந்த அடையாளமே அச்சுக்காலத்தில் வரிக்குள் நகர்ந்து இன்றைய இரட்டைக் குறியாக வளர்ந்தது. தமிழுக்கு அது அச்சுப் பொறியோடு வந்து சேர்ந்தது.

மனப்பாட மரபு தளர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு உ.வே. சாமிநாதையரைவிடத் தக்க சான்றாளர் இல்லை. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு படிக்கப் புகுந்த அவர், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவராக இருந்தும், அவ்வுரையில் மேற்கோளாக வரும் வரிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் திகைத்ததை 'என் சரித்திரம்' விரிவாகப் பதிவு செய்கிறது. 'பிறர்' யார் என்று தேடிச் சென்றதுதான் அவரைத் திருவாவடுதுறை ஆதீனத்தின் சுவடிகளுக்கும், பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகளுக்கும் கொண்டு சேர்த்த வழிகளுள் ஒன்று. சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் வெளிவந்தன. சுட்டாமல் விட்ட ஓர் உரையாசிரியர் பதிப்பாசிரியர் ஒருவரை இத்தனை தொலைவு நடக்க வைத்தார் என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் அத்தகைய ஒருவர் வாய்க்காமல் போயிருந்தால் அவ்வரிகள் என்றும் ஊர்பேர் தெரியாதவையாகவே நின்றிருக்கும் என்பதையும் உடன் வைத்து எண்ண வேண்டும்.

உரையாசிரியர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறாகும். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தமக்கு ஆதாரமான இசை, நாடக நூல்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ். அவற்றுள் பஞ்சமரபு 1970களில் அச்சேறியபோது, வந்திருப்பது எந்நூல் என்பதன் பெருமையைத் தமிழுலகம் உடனே உணர்ந்துகொள்ள முடிந்ததற்கு, அடியார்க்குநல்லார் பல நூற்றாண்டுகளுக்கு முன் அதன் பெயரை எழுதி வைத்ததே காரணம். முத்தொள்ளாயிரத்தின் நிலையும் அதுவே. அந்நூல் முழுதாகக் கிடைக்கவில்லை, புறத்திரட்டு என்னும் தொகை நூற்பெயரோடு எடுத்து வைத்த வெண்பாக்களைக் கொண்டே இன்று அது அறியப்படுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற நூல் ஏறத்தாழ முழுவதும் இத்தகைய எடுத்தாட்சிகளையும் பெயர்ச் சுட்டுகளையும் நம்பி எழுந்தது. வரியை மட்டும் தந்தவர்களால் வரி பிழைத்தது. பெயரையும் தந்தவர்களால் நூலின் நினைவும் பிழைத்தது. மரபின் பெயரால் சான்றெண்ணை மறுத்தவர்கள் மரபின் ஒரு பாதியை மட்டுமே பார்த்தனர்.

ஆய்வு மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட குறை வேறொன்று: காணாத நூலுக்குச் சான்றெண் கொடுப்பது. அரிய நூல்களைத் தேடி உ.வே.சா. நூல்நிலையத்துக்கோ, மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கோ, கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டிலேயே சேர்த்து வைத்திருந்த தொகுப்புக்கோ செல்வது அக்காலத்தில் பணமும் நாளும் தேவைப்பட்ட காரியம். ஏற்கெனவே யாரோ எடுத்தாண்ட வரியை அவருடைய நூலிலிருந்து எடுத்துக்கொண்டு, அவர் தந்த பக்க எண்ணையும் சேர்த்து எழுதிவிடுவது எளிது. அவர் வழியாக வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், எழுதுபவர் மூலநூலைத் தாமே பார்த்ததாகப் பொருள்படும். இந்த வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்றால், ஒரு நூலில் பிழையாக அச்சான பக்க எண் மூன்று ஆய்வேடுகளில் அதே பிழையோடு வந்து நின்றதை அத்துறையின் மாணவர்களே ஒருமுறை கண்டனர். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் ஒருவர் பழைய பதிப்பு நூல்கள் சிலவற்றைத் தம் பையிலேயே கொண்டுவந்திருந்தார். ஆய்வேட்டில் சுட்டியிருந்த பக்கத்தைத் திறந்து மாணவர் முன் வைத்துவிட்டு, "நீங்கள் இந்த நூலைப் பார்த்தீர்களா, இதைப் பார்த்தவரைப் பார்த்தீர்களா?" என்று அவர் கேட்டது பின்னர் அத்துறையில் பழமொழியாகவே ஆகிவிட்டது. பட்டம் மறுக்கப்படவில்லை, ஆனால் சான்றெண் விளக்கம் முழுவதையும் திருத்தித் தந்த பிறகே அறிக்கையில் கையொப்பம் விழுந்தது.

நீதிமன்றங்களில் இக்குழப்பம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. வழக்கறிஞர்கள் 'சைட்டேஷன்' என்று சொல்வது முன்தீர்ப்பு ஒன்றின் இடத்தையே: 'ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461' என்றால் எந்த இதழ், எந்த ஆண்டு, எந்த நீதிமன்றம், எந்தப் பக்கம் என்ற நான்கும் தெரிந்துவிடும், கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பை யாரும் அங்கே சென்று படிக்கலாம். தீர்ப்பின் வாசகத்தை நீதிபதி முன் படித்துக் காட்டுவது தனிச் செயல். 2023இல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த முன்தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது; அத்தீர்ப்புகள் உலகில் எங்கும் இல்லாதவை. இடம் சுட்டப்பட்டிருந்ததால்தான் எதிர்த்தரப்பினர் தேடிப் பார்த்து அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க முடிந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகள், ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை உண்டு என்றும் வகுத்தன. உரியவரைச் சுட்டி எடுத்தாண்ட பகுதிகளும், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துவருவனவும் அக்கணக்கில் சேரா. இவ்விதிகள் வந்தபின் ஆய்வு மாணவரின் கவலை முழுவதும் விழுக்காட்டின் மேல் திரும்பிவிட்டது. வாக்கியத்தை முன்பின்னாக மாற்றி எழுதி எண்ணிக்கையைக் குறைக்கும் கலை வளர்ந்திருக்கிறது. மென்பொருள் கண்டுபிடிப்பது சொல்லொப்புமையை மட்டுமே. மின்வடிவம் பெறாத அச்சுநூலிலிருந்து எடுத்த வரியை அது காணாது, சான்றெண் சுட்டும் பக்கத்தில் அச்செய்தி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதன் வேலையன்று. பத்தி முழுவதும் பிறர் நடையில் ஓட, இறுதியில் ஒரே ஒரு சான்றெண் மட்டும் நிற்பதைப் பலரும் நேர்மை என்றே நினைக்கின்றனர். அது சைட் செய்துவிட்டு குவோட் செய்ததை மறைப்பது, அவ்வளவே. காலணிப் பெட்டிக்குள் குறியற்ற அட்டையைச் சேர்க்க மறுத்த நெறியாளர் இதை எந்த மென்பொருளும் இல்லாமல் தடுத்தார்.

சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் பாடல்களின் கீழ் 'மேற்கோளாட்சி' என்றொரு பகுதி வருகிறது. அப்பாடலின் எந்த அடியை எந்த உரையாசிரியர் எந்த நூற்பாவின் உரையில் எடுத்தாண்டார் என்பதை அது இடத்தோடு குறிக்கிறது. அதாவது பாடல் யாரைச் சுட்டுகிறது என்பதை அல்ல, பாடலை யார் யார் எடுத்தாண்டனர் என்பதைத் தருகிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னாளில் யார் யார் சுட்டினர் என்று தொகுக்கும் அறிவியல் சுட்டு அட்டவணையை யூஜீன் கார்ஃபீல்டு அமெரிக்காவில் 1964இல் வெளியிடத் தொடங்கினார். தமிழ் ஆய்வில் புதிதாக நுழைபவர்கள் வெளிநாட்டுக் கையேடுகளைப் புரட்டுவதற்கு முன், அந்தக் குறுந்தொகைப் பதிப்பின் சில பக்கங்களையாவது பார்த்துவிட வேண்டும். பழைய இலக்கியத்துக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும், அச்சுநூலுக்குப் பதிப்பாண்டோடு சேர்ந்த பக்க எண்ணும் தர வேண்டும். பிறர் வழியாக அறிந்த வரிக்கு, இன்னார் எடுத்துக்காட்டியது என்று அவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.